வைத்திலிங்கத்தின் தொமினோ விதிகள்

புதுச்சேரியில் தொமினோ ஆடத் தெரிந்தவர்கள் மொத்தமே மூன்று பேர் என்பது வைத்திலிங்கத்தின் முடிவு. ஒருவர் அவருடைய மாமனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஆப்பிரிக்காவில் ஜிபுத்தி வரை போய் வந்தவர். செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்னொருவர் மாமனாரோடு ஆடிய கூட்டாளி. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பது வைத்திலிங்கம். மற்றவர்கள் ஆடுவதெல்லாம் பாலர் பள்ளியில் பிள்ளைகள் கட்டை அடுக்குகிற வேலை. இந்த அபிப்பிராயத்தை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

அவர் ஜிபுத்திக்குப் போனவர் அல்ல. திருப்பதியைத் தாண்டியதே இல்லை. ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் மற்றவர்கள் விட்ட பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டே கண்காணிப்பாளர் ஆனவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வட்டமிட ஒன்றும் இல்லாமல் கை அரித்தது. அப்போதுதான் மாமனார் விட்டுப்போன பெட்டி பரணிலிருந்து இறங்கியது. உள்ளே இருபத்தெட்டுக் காய்கள். முதுகு கருப்பு, முகம் எலும்பு வெள்ளை. ஒவ்வொரு முகத்திலும் நடுவே ஒரு கோடு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் புள்ளிகள். ஒன்றுமில்லாத வெள்ளையில் தொடங்கி ஆறு வரைக்கும். ஒரு காயின் புள்ளியோடு அதே புள்ளி உள்ள இன்னொரு காயை ஒட்டி வைத்துக்கொண்டே போகவேண்டும். கையைக் காலி செய்கிறவன் ஜெயித்தான். இவ்வளவுதான் ஆட்டம். இந்த இவ்வளவுக்கு வைத்திலிங்கம் பத்துப் பக்கத்தில் விதி எழுதினார்.

சும்மா எழுதவில்லை. ‘தொமினோ: ஆடும் முறையும் எண்ணும் முறையும்’ என்று தலைப்புப் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து, குண்டூசி குத்தி, ஆடவந்த ஒவ்வொருவர் கையிலும் திணித்தார். போட முடியாதவன் முறையை விட்டுவிடும் அடைப்பு ஆட்டத்துக்கு மூன்று பக்கம். கையில் போடக் காய் இல்லாதவன் குவியலிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும் இழுப்பு ஆட்டத்துக்கு ஒரு பக்கம். இரண்டு முனைகளையும் கூட்டினால் ஐந்தின் மடங்கு வரும்படி போட்டுப் புள்ளி சேர்க்கும் அஞ்சு ஆட்டத்துக்கு இரண்டு பக்கம். மூன்று பேர் ஆடுவதற்கு ஒரு பக்கம். மிச்சமெல்லாம் ஒழுக்கம்: காயை எப்படிக் கலைப்பது, எப்படி வைப்பது, போட முடியாதபோது ‘பூதே’ என்று எப்படிச் சொல்வது. யாரும் அதைப் படிக்கப்போவதில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். படிக்கிற ஜனமாக இருந்தால் ஊர் ஏன் இப்படி இருக்கிறது?

ஆட்டம் நடந்தது உழவர்கரையில், நாகராஜின் மோட்டார் வைண்டிங் கடையில். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. கேபிள் சுற்றி வந்த பெரிய மரச்சக்கரம் ஒன்றைப் படுக்கப் போட்டு மேசை ஆக்கியிருந்தான் நாகராஜ். மாலை நாலிலிருந்து ஏழு வரை. கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் பெட்டியைக் கொண்டுவருவார் வைத்திலிங்கம்; ஆடி முடித்ததும் காய்களை எண்ணிப் பெட்டியில் போட்டுத் திரும்பக் கொண்டுபோய்விடுவார். ஒருநாள் கூடக் கடையில் விட்டுவைத்ததில்லை. தான் இல்லாதபோது கண்ட கண்ட விதியில் ஆடிவிடுவார்கள் என்று பயம்.

மூன்று வருஷத்தில் பதினோரு பேர் வந்தார்கள், போனார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் காயை மாவு பிசைவது போலக் கலைத்தார். அவரிடம் “உங்க வீட்ல சப்பாத்தி நீங்கதானா?” என்று கேட்டார் வைத்திலிங்கம். அடுத்த வாரம் ஆள் இல்லை. குருசுக் கோயில் தெருப் பெரியவர் ஒருவர், தங்கள் வீட்டில் ரெட்டை வெள்ளைக் காய் கையில் மிஞ்சினால் இருபத்தைந்து புள்ளி அபராதம் என்றார். “அது தொமினோ இல்லீங்க, தாயம்” என்றார் இவர். பெரியவர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இப்படியே கழிந்து கடைசியில் நின்றது மூன்று பேர்: கடைக்காரன் நாகராஜ், குருசுக்குப்பத்திலிருந்து கடலுக்கு மீன்பிடிக்கப் போகும் பக்கிரி, காலையில் மீன் விற்றுவிட்டு மாலையில் ஆடவரும் அவர் மனைவி அன்புசெல்வி.

பக்கிரி தங்கமான மனுஷன். என்ன சொன்னாலும் சிரிப்பார். அதனால் வைத்திலிங்கம் அவரிடம் எதையும் சொல்வார். அன்புசெல்வி வேறு மாதிரி. ஏலத்தில் நின்று கூடைக்குக் கூடை மனக்கணக்குப் போடுகிற பெண். ஒருமுறை அஞ்சு ஆட்டத்தில் வைத்திலிங்கம் ஒரு முனையில் ஐந்தை வைத்தார். மறுமுனையில் ரெட்டை ஐந்து குறுக்கே கிடந்தது. ரெட்டைக்கு இரண்டு பக்கமும் சேரும் என்பதை மறந்து, “பத்து” என்றார்.

“பதினஞ்சு சார். நீங்க பத்துதான் கேட்டீங்க. கேக்காத அஞ்சு எனக்கு” என்றாள் அன்புசெல்வி.

கேட்காத புள்ளியை எதிராளி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவரே எழுதிய விதி. ஆறாம் பக்கம்.  அதற்குப் பிறகு அஞ்சு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருத்தமில்லை என்று அறிவித்து அடைப்பு ஆட்டத்துக்கு மாற்றிவிட்டார். வேறு எந்தக் கிழமைக்கு அது பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த மூன்று பேரையும் அவர் எவ்வளவு இளக்காரமாக நினைத்தார் என்பதைச் சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் மனைவி பச்சையம்மாள் மகளின் பிரசவத்துக்கென்று கடலூருக்குப் போய் ஐந்து மாதமாகிறது. குழந்தை பிறந்தும் அவள் திரும்பவில்லை, திரும்புகிற பேச்சும் இல்லை. அலுவலகத்தில் சலாம் போட்டவர்கள் தெருவில் பார்த்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். திங்கள் முதல் சனி வரை அவர் பேசுவது பால்காரனிடம் மட்டும். ஞாயிறு நாலு மணி இல்லாவிட்டால் அவருக்கு வாரமே இல்லை. இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் வாயை அடக்க முடியவில்லை என்பதுதான் அவருடைய கேடு.

அந்த ஞாயிறு வைத்திலிங்கமும் பக்கிரியும் ஒரு ஜோடி, நாகராஜும் அன்புசெல்வியும் எதிர் ஜோடி. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்த ஜோடிக்கு எதிராளிகள் கையில் மிஞ்சிய புள்ளிகள் சேரும்; நூறு புள்ளி முதலில் எடுப்பவர்களுக்கு வெற்றி. வைத்திலிங்கம் ஜோடி தொண்ணூறில் இருந்தது, எதிர் ஜோடி எண்பத்தாறில். வைத்திலிங்கத்தின் கையில் ஒரே ஒரு காய், ரெட்டை ஆறு. மேசையில் ஒரு முனை நாலு, மறுமுனை ஆறு. முறை பக்கிரியுடையது. அவரிடம் போடக்கூடியதாக இருந்தது நாலு-ஆறு காய் மட்டும். அதை நாலு பக்கம் ஒட்டினால் இரண்டு முனையும் ஆறாகும்; வைத்திலிங்கம் தன் ரெட்டை ஆறைப் போட்டுக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடலாம். ஆறு பக்கம் ஒட்டினால் இரண்டு முனையும் நாலாகும். நாலு உள்ள காய் ஏழும் அதோடு இறங்கிவிடுவதால் யாராலும் எதையும் போட முடியாது. அடைப்பு.

பக்கிரி நிதானமாக யோசித்தார். தன் கையில் மிச்சம் இருந்த இரண்டு காய்களைப் பார்த்தார். ஆறு பக்கம் வைத்தார்.

“அடைச்சிட்டேன் சார்” என்று சிரித்தார்.

வைத்திலிங்கம் ரெட்டை ஆறை மேசையில் அறைந்தார். “அடைச்சிட்டியா? எதுக்குய்யா அடைச்ச? ரெட்டை ஆறு இன்னும் வெளிய வரலியே, யார் கையில இருக்கும்னு யோசிக்க மாட்டியா? எங்கிட்ட பன்னெண்டு புள்ளி நிக்குது. கூட்டுய்யா இப்ப! நம்ம ரெண்டு கையும் சேத்து எவ்ளோ?”

பக்கிரியின் கையில் ஒன்று-வெள்ளை, ரெட்டை ஒன்று. மூன்று புள்ளி. இரண்டும் சேர்த்துப் பதினைந்து. நாகராஜிடம் ஏழு, அன்புசெல்வியிடம் நாலு, சேர்த்துப் பதினொன்று.

“அவங்க கம்மி. அவங்களுக்கு நம்ம பதினஞ்சு போகுது. எம்பத்தாறும் பதினஞ்சும் நூத்தியொண்ணு. தோத்தாச்சு. திருப்தியா?”

“இல்ல சார்,” பக்கிரி மெதுவாகச் சொன்னார், “எங்க பக்கம் அடைப்பு விழுந்தா ஜோடிய கூட்ட மாட்டோம். தனித்தனியா பாப்போம். யார் கை ரொம்ப லேசோ அவங்க ஜோடி ஜெயிச்சுது. எங்கிட்ட மூணுதான். அதான் அடைச்சேன்.”

“உங்க பக்கமா? படகு நிழல்ல குந்திக்கினு ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? அதுக்கு ஒரு விதி வேறயா? நான் என்னாத்துக்கு நாய் மாதிரி உக்காந்து பத்து பக்கம் எழுதினேன்?”

நாகராஜ் புள்ளி எழுதும் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு யார் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் விழித்தான். அப்போது அன்புசெல்வி கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து அந்தப் பத்துப் பக்கத்தை எடுத்தாள். ஓரமெல்லாம் மடங்கி, மீன் வாடையோடு, பல தடவை புரட்டிய தாள்.

“நாலாம் பக்கம் சார். நீங்க எழுதுனதுதான்.” விரல் வைத்துப் படித்தாள். “‘அடைப்பு விழுந்தால் கைகளைத் தனித்தனியே எண்ணுக. மிகக் குறைந்த புள்ளி உள்ளவரின் ஜோடியே வென்றது. எதிர் ஜோடியின் புள்ளிகள் அவர்களைச் சேரும்.’ எங்க பதினொண்ணு உங்களுக்கு வருது. தொண்ணூறும் பதினொண்ணும் நூத்தியொண்ணு. நீங்கதான் ஜெயிச்சீங்க சார்.”

எதிரணியில் உட்கார்ந்திருக்கிறவளே வெற்றியை எடுத்துக் கையில் கொடுக்கிறாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? ஒரு சிரிப்பு, பக்கிரியின் தோளில் ஒரு தட்டு, நாலு டீ. முடிந்தது. ஆனால் வைத்திலிங்கத்துக்கு ஜெயிப்பதைவிடச் சரியாக இருப்பது முக்கியம். அதிலும் முக்கியம், பக்கிரி தப்பாக இருப்பது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கடைநிலை ஊழியன்கூட அவர் வட்டமிட்டதை அழித்ததில்லை. மீன்காரி அழிப்பதா?

“அது ரெண்டு பேர் ஆட்டத்துக்கு எழுதினது” என்றார்.

“ரெண்டு பேர் ஆட்டத்துல ஏது சார் ஜோடி?” என்றாள் அன்புசெல்வி.

நாகராஜ் சிரித்துவிட்டான். சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. வைத்திலிங்கம் எழுந்தார். காய்களைப் பெட்டிக்குள் வாரிப் போட்டார், எண்ணாமல்.

“உங்கள சொல்லி குத்தமில்ல. வல இழுக்குற கைக்கும் மீன் அறுக்குற கைக்கும் நடுவுல கொண்டாந்து இத வெச்சேன் பாரு, என்னையத்தான் சொல்லணும். நான் இல்லாம எப்டி ஆடுறீங்கன்னு பாக்குறேன். பொட்டியே என்னுதுதான்.”

பக்கிரி சிரிக்கவில்லை. தன் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அவர் சிரிக்காததை வைத்திலிங்கம் மூன்று வருஷத்தில் அன்றுதான் பார்த்தார். பார்த்தும் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்க மூன்று பேரும் வீட்டுக்கு வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். பெட்டி இல்லாமல் என்ன செய்வார்கள்? வருகிறவர்களுக்குக் கொடுக்க அரைக் கிலோ மிக்சர் வாங்கி வைத்தார். முதலில் கொஞ்சம் முறைப்பது, பிறகு பெருந்தன்மையாக மன்னிப்பது, மன்னிக்கும்போது என்ன சொல்வது என்பது வரை தயார். நாலு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கேபிள் டிவி பணம் வாங்க வந்தவன். அந்த மிக்சரை அவர் வியாழக்கிழமை வரை தனியாகத் தின்றார்.

தின்றுகொண்டே நாலாம் பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் எழுத்துதான். மாமனார் உயிரோடிருந்தபோது சொல்லித் தந்ததை நினைவிலிருந்து எழுதியதுதான். மாமனாரும் பக்கிரியின் படகு நிழலும் ஒரே விதியைச் சொல்கின்றன என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தார். இரவோடு இரவாக ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் பகலில், நல்ல வெளிச்சத்தில், முழு நிதானத்தோடு செய்தார்.

இரண்டாம் ஞாயிறு அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. சும்மா போனால் மானம் போகும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேசை ஃபேனைப் பிடுங்கி ஸ்கூட்டரில் முன்னால் வைத்தார். வைண்டிங் கடைக்கு ஃபேன் கொண்டுபோவதில் யார் என்ன சொல்ல முடியும்? மஞ்சள் பையில் தொமினோப் பெட்டியும் இருந்தது, தற்செயலாக.

கடைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மூன்று பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மேசையில் புதுக் காய்கள். வெள்ளை பிளாஸ்டிக், புள்ளிக்குப் புள்ளி வேறு வேறு வண்ணம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்பது காய் நின்றது. ஜன்னல் கட்டையில் ஒரே ஒரு காய் தனியாகக் கிடந்தது: ரெட்டை வெள்ளை. வைத்திலிங்கத்துக்கு உடனே புரிந்தது. மூவர் ஆட்டம். ஏழாம் பக்கம். ‘ரெட்டை வெள்ளையை நீக்கிவிட்டு, ஆளுக்கு ஒன்பது காய் எடுக்கவும். நீக்கிய காய் ஆட்டத்தில் சேராது.’ அவர் எழுதியதுதான். மூன்று பேரும் படித்திருக்கிறார்கள்.

“வாங்க சார்” என்று நாகராஜ் எழுந்தான். ஃபேனை வாங்கிப் பிளக்கில் சொருகினான். ஃபேன் ஜம்மென்று சுற்றியது. “ஓடுதே சார்.”

“நடுவுல நடுவுல நின்னுது” என்றார் வைத்திலிங்கம். அது ஒருமுறைகூட நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“உக்காருங்க சார். டீ சொல்றேன்” என்றாள் அன்புசெல்வி. மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. ஜன்னல் ஓரத்து ஸ்டூலைக் காட்டினாள். மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிதான் இருந்தது. நாலாவது சுவரோரம் ஒரு பழைய மோட்டாரைச் சுமந்துகொண்டிருந்தது.

அவர் உட்கார்ந்து பார்த்தார். நன்றாக ஆடினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. சண்டை இல்லை, காயை அறைவது இல்லை. பக்கிரி போட முடியாதபோது மேசையை இரண்டு தட்டுத் தட்டி “பூதே” என்றார், எட்டாம் பக்கத்தில் இருந்தது போலவே. ஆட்டம் முடிந்து, புள்ளி எண்ணி, மறுபடி கலைக்கத் தொடங்கினார்கள். அப்போது பக்கிரியின் கண் மஞ்சள் பையில் விழுந்தது.

“பொட்டியும் கொண்டாந்துட்டீங்களா சார்?”

“பையில கெடந்துது” என்றார் இவர்.

பக்கிரி ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். பக்கிரிக்குச் சிரிப்பு வந்தது, அந்தப் பழைய சிரிப்பு. எட்டி ஜன்னல் கட்டையிலிருந்த ரெட்டை வெள்ளையை எடுத்தார். “இருபத்தெட்டா போட்டுக்கலாம். ஆளுக்கு ஏழு. நாகராஜு, அந்த மோட்டார எறக்கி வெய்யி.”

 அழுதுவிடுவோமோ என்று வைத்திலிங்கத்துக்குப் பயம் வந்தது. பக்கிரியின் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. மனுஷனுக்கு அந்த நேரத்தில் வாய் இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா? பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

“ஆடுறதுக்கு முன்னாடி ஒண்ணு” என்றார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள்களை எடுத்தார். மூன்று பேர் முன்னாலும் ஆளுக்கொன்று வைத்தார். ஜெராக்ஸ் தாள். மேலே பெரிய எழுத்தில் ‘திருத்தம்: பக்கம் நான்கு’. கீழே: ‘அடைப்பு விழுந்தால் ஜோடியின் இரண்டு கைகளையும் சேர்த்து எண்ணவேண்டும். இந்தத் திருத்தம் சென்ற ஆட்டத்திலிருந்தே அமலுக்கு வருகிறது.’

“அன்னிக்கி நீ அடைச்சது தப்புதான் பக்கிரி. அது ரெக்கார்டுல இருக்கணும். அவ்ளோதான், மத்தபடி எனக்கு கோவம் இல்ல” என்றார்.

பக்கிரி தாளைப் படித்தார். எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும். நாகராஜ் மோட்டாரில் கைவைத்தபடியே நின்றான். ஃபேன் மட்டும் சுற்றியது. பக்கிரி கையிலிருந்த ரெட்டை வெள்ளையைத் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுவது போல. பிறகு அதைக் கொண்டுபோய் ஜன்னல் கட்டையில், இருந்த இடத்திலேயே வைத்தார்.

“மூணு பேருக்கும் நல்லாத்தான் ஓடுது சார்” என்றார். “நீங்க டீ குடிங்க.”

நாகராஜ் மோட்டாரை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அன்புசெல்வி காய்களைப் பங்கிட்டாள். “ஒம்போது, ஒம்போது, ஒம்போது.” பிறகு தன் முன்னாலிருந்த திருத்தத்தைக் கவிழ்த்துப் போட்டாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. அதில் மூன்று கட்டம் கிழித்து, பக்கிரி, நாகராஜ், செல்வி என்று எழுதி, புள்ளி போடத் தயாராகப் பேனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

டீ வந்தது. வைத்திலிங்கம் குடித்தார். கிளாஸை வைக்க ஜன்னல் கட்டைதான் இருந்தது. ரெட்டை வெள்ளையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு வைத்தார். ஒரு ஆட்டம் முடிந்து இன்னொன்று தொடங்கியது. நடுவில் நாகராஜ் கையிலிருந்த காய்களிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னான்:

“ஃபேன்ல ஒரு கொறையும் இல்ல சார். எடுத்துக்கினு போலாம்.”